ஞாயிற்றுக்கிழமைச் சோறு

என் கணவர் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே இறந்துபோனார். முதல் ஷிப்டுக்குக் கிளம்பியவர், ஸ்டாப்பில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்திருக்கிறார். தூங்குகிறார் என்றுதான் உடன் நின்றவர்கள் நினைத்தார்களாம். பஸ் வந்து ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை என்றபோதுதான் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். காரியம் முடிந்ததும் போனார்கள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகனும் போனான். எனக்கு அழுகை வரவில்லை. "அழுதுருத்தா, உள்ளயே வச்சுக்கிட்டா ஒடம்புக்கு ஆகாது" என்று பெரியம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழ முயன்று பார்த்தேன். வாய் கோணியது, அவ்வளவுதான். நாக்கில் ருசியும் போய்விட்டது. ரசமும் வெந்நீரும் ஒன்றுபோல இருந்தன. டாக்டர், போகப்போகச் சரியாகும் என்றார். நான் சரியாக வேண்டும் என்று ஆசைப்பட்டதாகக்கூட ஞாபகமில்லை.

ஓசூரில் எங்கள் வீடு, லைன் வீடுகளின் கடைசியில் இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள், முன்னால் ஒரு நீளமான நடை, கோடியில் பொதுக் கக்கூஸ். கோடி வீட்டுக்கு மட்டும் இரண்டு அறை. அதில்தான் நான் தையல் மிஷினை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகும் தைத்தேன். கை தானாக வேலை செய்தது. அளவு தப்பவில்லை.

எனக்கு அடுத்த வீட்டில் அக்கா இருந்தார். உறவில்லை, எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓசூரையே சேர்ந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களோடு தமிழ், பால்காரரோடு கன்னடம். பக்கத்து அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாசலில் நின்றார்.

"பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கின அண்டா உங்க வீட்ல தானம்மா கீது?"

இருக்கிறது என்றேன். தெருக்காரர்கள் சேர்ந்து வாங்கி, பொறுப்பை என் கணவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"நாளைக்குக் குடு. சோறு ஆக்கணும்."

"என்ன விசேஷம்க்கா?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. நாளைக்கு ஸ்கூல் லீவு, அதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து சொன்னார். பள்ளி நடக்கும் நாட்களில் காலையில் உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடுகிறது, மத்தியானம் சோறும் முட்டையும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் சில பிள்ளைகள் வேறு மாதிரிச் சாப்பிடுகிறார்கள்.

"திரும்பத் திரும்பத் தட்ட நீட்டுதுங்கம்மா. முட்டையத் தின்னாம பாக்கெட்ல போட்டுகினு போவுதுங்க. திங்கக்கெழம காலையில பாத்தா, கண்ணு உள்ள போயி, பிரேயர்ல நிக்க முடியாம செவுத்தப் புடிச்சிகினு நிக்குதுங்க. நடுவுல ரெண்டு நாளு என்னா துன்னுச்சுங்கன்னு கேட்டா, பதில் சொல்லாதுங்க. தலைய குனிஞ்சுக்கும்."

தலைமையாசிரியைக்கும் தெரியுமாம். சனி, ஞாயிறில் பள்ளிச் சமையலறையைத் திறக்க அவருக்கு உத்தரவில்லை. வெளியில் செய்தால் தானும் அரிசி தருவதாகச் சொல்லியிருந்தார்.

அக்கா பேசியது எல்லாம் காதில் விழுந்தது. பரிதாபமான விஷயம் என்றும் தெரிந்தது. ஆனால் அந்தப் பரிதாபம் எனக்குள் வரவில்லை. எழுந்துபோய் அண்டாவை இழுத்து வெளியே போட்டேன். அடியில் எலிப்புழுக்கை இருந்தது. இரண்டு பேரும் நடையில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தோம்.

லைன் வீடுகளின் ஓனர் தன் கார் நிறுத்தும் ஷெட்டைத் தந்தார். லைனில் இருந்தவர்கள் ரேஷன் அரிசி கொடுத்தார்கள். மாடி அறைகளில் தங்கியிருந்த கம்பெனிப் பையன்கள் பருப்பும் எண்ணெயும் வாங்கிவந்து வைத்தார்கள். குந்தாரப்பள்ளி சந்தைக்குக் காய் ஏற்றிப்போகும் டெம்போ டிரைவர், மீந்த தக்காளியைக் கூடையோடு இறக்கிவிட்டுப் போனார். தக்காளி சாதம், அவித்த முட்டை. அக்கா ஆக்கினார், நான் நறுக்கினேன். உப்புப் போடும் வேலையை மட்டும் அவர் என்னிடம் விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை யாரும் வரவில்லை.

யாருமே என்றால் பொய். நடையில் விளையாடிக்கொண்டிருந்த எங்கள் லைன் பிள்ளைகள், வீட்டில் சாப்பிட்டவர்கள், வந்து ஆளுக்கொரு தட்டு வாங்கித் தின்றுவிட்டு ஓடினார்கள். அக்கா யாரை நினைத்து ஆக்கினாரோ அவர்கள் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார்கள். கூப்பிட்டால் நகர்ந்துபோனார்கள். ஒரு பெண் வந்து தன் பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "சோத்துக்கா நிக்கிற? யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்று அவள் அடித்தது எங்களுக்குக் கேட்டது.

சோறு மீந்துபோனது. அக்கா ஷெட்டின் படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்தபடி, "மானம்னு ஒண்ணு கீதில்ல. அத நான் யோசிக்கவே இல்ல பாரு" என்றார். மீந்ததை மாடிப் பையன்களும் பக்கத்துக் கம்பெனி செக்யூரிட்டிகளும் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் அவர் வேறு யோசனையோடு வந்தார்.

"நீ காலேஜ் படிச்சவ தானே?"

"பி.காம். ஆனா அதெல்லாம் மறந்துபோச்சுக்கா."

"வாய்ப்பாடு மறந்துபோச்சா?"

"அது மறக்கல."

"போதும். சனி ஞாயிறு இங்க டியூஷன்னு சொல்லிடறேன். டியூஷனுக்கு வர்ற பசங்களுக்கு மத்தியானம் சாப்பாடு. எந்த அம்மாவும் டியூஷனுக்குப் போவாதன்னு அடிக்க மாட்டா."

அப்படித்தான் நடந்தது. டியூஷன் என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. தலைக்கு எண்ணெய் தடவி, பவுடர் போட்டு, பையோடு அனுப்பினார்கள். ஷெட்டில் பாய் விரித்து உட்காரவைத்தேன். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள், கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், எங்கள் தெற்கத்திப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக வாய்ப்பாடு கத்தினார்கள். கத்தும்போதே பின்னால் அண்டா கொதிக்கும் வாசனைக்கு மூக்கு திரும்பும். எனக்கு அந்த வாசனை வராது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் தாளித்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

என்னை டீச்சர் என்றார்கள். நான் திருத்தவில்லை.

அவர்களில் ஒரு பெண் மூன்றாம் வகுப்பு. ஊத்தங்கரைப் பக்கத்துக் குடும்பம். மழை தப்பி, கடலைப் பயிர் காய்ந்துபோனதால் அம்மாவும் பிள்ளைகளும் இங்கே வந்து எங்கள் பின்வரிசையில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, எப்போதாவது வருவார். அம்மா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் கூட்டித் துடைக்கும் வேலை. அந்தப் பெண் சனிக்கிழமை வருவாள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. தம்பி இன்னும் பள்ளியில் சேரவில்லை. அவனுக்கு ஊட்டிவிட்டுத்தான் தான் தின்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதே இல்லை.

"ஞாயித்துக்கெழம ஏன் வர்றதில்ல?" என்று கேட்டேன்.

"அம்மா வீட்ல இருக்கச் சொல்லுச்சு டீச்சர்."

அம்மாவுக்கு லீவு, பிள்ளைகளோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப் பின்வரிசைக்குப் போனேன். திரும்பும்போது அவர்கள் கதவைப் பார்த்தேன். வெளியில் பூட்டு தொங்கியது. உள்ளே குழந்தை இருமும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப்பக்கம் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"யாரு பூட்டினது?"

"அம்மா."

"அம்மா எங்க?"

"ஓ.டி. வேலைக்குப் போயிருக்கு. சாயங்காலம் வரும்."

அறை இருட்டாக இருந்தது. ஒரு மூலையில் மூடி போட்ட வாளி. கக்கூஸ் வெளியில் இருப்பதால் அந்த வாளி என்று சற்றுப் பொறுத்தே எனக்குப் புரிந்தது. தம்பி பாயில் குப்புறப் படுத்திருந்தான். பக்கத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கவர், நக்கியதுபோலச் சுத்தமாக.

"என்ன சாப்பிட்டீங்க?"

"காலையில களி இருந்துச்சு. அடுப்பப் பத்தவெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கு."

"ஏன் பூட்டிட்டுப் போறாங்க?"

அவள் பெரியவர்கள் சொல்வதுபோலவே சொன்னாள். "காலம் கெட்டுக் கெடக்குது. சுத்தி எல்லாம் ஆம்பளைங்க ரூமு."

நான் ஷெட்டுக்குத் திரும்பினேன். ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துப்போனேன். தட்டு கம்பிக்குள் நுழையவில்லை. சாய்த்தால் சோறு கொட்டியது. திரும்பவும் ஷெட்டுக்குப் போய், சோற்றை உருண்டையாகப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கம்பிக்கிடையில் நீட்டினேன். அவள் உள்ளங்கையைக் குவித்து வாங்கித் தம்பி வாயில் வைத்தாள். அவன் மெல்லாமல் விழுங்கினான். முட்டையை மட்டும் தோலுரித்துக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டில் கம்பிக்குள் நுழைந்தது.

அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. கம்பி எவ்வளவு இடைவெளி, உருண்டை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்றுதான் மனம் போய்க்கொண்டிருந்தது. அக்காவிடம் சொன்னபோது அவர்தான் அழுதார். அவர் அழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லலாம்க்கா, யார்கிட்டயாவது. பிள்ளைங்களப் பூட்டி வச்சிருக்கான்னு."

"யார்கிட்ட சொல்லுவ? சொன்னா அவளத்தான் புடிச்சிகினு போவாங்க. பூட்டாம போனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்பவும் அவளத்தான் கேப்பாங்க."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஜன்னலுக்குப் போனேன். மூடியுள்ள சின்ன டப்பா ஒன்று கம்பிக்குள் நுழைந்தது. அதில் அடைத்துக் கொண்டுபோனேன். அவர்கள் தின்னும்வரை வெளியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அவள் உள்ளேயிருந்து பேசுவாள். தம்பியைத் தூங்கவைக்க நடையில் போகிறவர்களின் செருப்புச் சத்தத்தை வைத்து யார் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு வைத்திருந்தாள். என் செருப்புச் சத்தமும் தெரியும் என்றாள். நான் காலை இழுத்து நடக்கிறேனாம். எனக்குத் தெரியாது. முன்பு அப்படி நடந்ததில்லை.

ஒரு நாள் டப்பா உள்ளேயே தங்கிவிட்டது. அன்று சாயங்காலம் அவள் அம்மா என் வாசலுக்கு வந்தாள். ஒல்லியான பெண், கம்பெனி நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். தேய்த்துக் கழுவிய டப்பாவைத் தையல் மிஷின் மேல் வைத்தாள்.

"எம்புள்ளைங்க பட்டினி கெடக்குதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

கோபத்தில்தான் கேட்டாள்.

"யாரும் சொல்லல" என்றேன்.

"பின்ன எதுக்குக் குடுக்கறீங்க? நாங்க என்ன பிச்சையா எடுத்துகினு இருக்கோம்? நாள் பூரா மாடா ஒழைக்கறேன். ஞாயித்துக்கெழம வரமாட்டேன்னா, திங்கக்கெழமயும் வராத, வேற ஆள் இருக்குதுன்றான் கான்ட்ராக்ட்காரன். நான் என்ன ஆசைப்பட்டா பூட்டிட்டுப் போறேன்? எம் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா, இவ புள்ளைக்குச் சோறு போடாதவன்னு?"

லைனில் கதவுகள் திறந்தன. வேறொருத்தியாக இருந்தால் சமாதானம் சொல்லியிருப்பாள், அல்லது திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். எனக்கு இரண்டும் வரவில்லை. மனதில் இருந்ததே வாயில் வந்தது.

"எனக்குத் தனியா இருந்து சாப்பிட முடியலம்மா. அவரு போனதுல இருந்து சோறு இறங்கல. உன் புள்ளைங்க தின்னுறதப் பாத்துட்டு வந்தா ரெண்டு வாய் இறங்குது. அதுக்குத்தான் வந்தேன்."

அது உண்மை. சொல்லும்வரை எனக்கே தெரியாத உண்மை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே சுவரில் மாட்டியிருந்த என் கணவரின் படத்தைப் பார்த்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் மத்தியானம் சாப்பிட்டிருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் கிடையாதாம், பிறகு சொன்னாள். பாத்திரத்தில் மீந்திருந்த சோற்றைத் தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தேன். வேண்டாம் என்றாள். நானும் ஒரு தட்டோடு எதிரில் உட்கார்ந்தேன். அதன்பிறகு சாப்பிட்டாள். முடித்ததும் என் தட்டையும் சேர்த்து எடுத்துப்போய்க் குழாயடியில் கழுவிவைத்தாள்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் கதவு தட்டப்பட்டது. அவள்தான். வேலைக்குக் கிளம்பி நின்றாள். சாவியை என் கையில் வைத்தாள்.

"பையன் ரோட்டுக்கு ஓடுவான். பாத்துக்கக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். கம்பெனி வேன் ஹாரன் அடித்ததும் ஓடினாள். நான் போய்ப் பூட்டைத் திறந்தேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வெளியே வரலாம் என்று சொன்ன பிறகும் அந்தப் பெண் வாசலிலேயே தயங்கி நின்றாள். முதலில் தம்பி ஓடினான். அவனைப் பிடிக்கத்தான் அவள் வெளியே வந்தாள்.

சில மாதங்கள் அப்படிப் போயின. லைனில் இன்னும் இரண்டு மூன்று தாய்மார்கள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களும் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாதா கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் பூசை முடிந்து வரும்போது வாழைப்பழச் சீப்போடு வந்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணி ஞாயிறு மத்தியானங்களில் அண்டா கழுவும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் வாய்ப்பாடு தாண்டி வகுத்தலுக்கு வந்தார்கள். திங்கட்கிழமை பிரேயரில் யாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை என்று அக்கா சொன்னார். நல்லது என்றேன்.

ஏப்ரல் கடைசியில் கோடை விடுமுறை வந்தது. எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது. இதை நாங்கள் யாரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. தினமும் ஆக்க அரிசி போதவில்லை, ஆளும் போதவில்லை. அக்காவுக்கு வெயிலில் கால் வீங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். ஆக்காத நாட்களில் ராகிக் கூழ் மட்டும் காய்ச்சினேன். கூழ் நாளில் சில பிள்ளைகள் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு சோறு இல்லியா டீச்சர்?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். உட்கார்ந்து குடிப்பார்கள்.

அந்த விடுமுறையில்தான் ஊத்தங்கரைக் குடும்பம் கிளம்பியது. அப்பாவுக்குப் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது. கீழேயே ஓர் அறை தந்திருந்தார்கள். பாத்திரமும் பாயும் ஒரு சின்ன வண்டியில் ஏறின. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வரேங்க்கா" என்றாள். கண் நிறைந்திருந்தது. நான் தலையாட்டினேன். அந்தப் பெண் வண்டியின் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தம்பி மடியில் தூங்கிவிட்டான்.

"டீச்சர், அங்க கன்னடத்துல படிக்கணுமாம்."

"படிச்சிரலாம். ஒனக்குத்தான் கொஞ்சம் தெரியுமே."

"பேசத் தெரியும். எழுதத் தெரியாது."

வண்டி போனது. நான் உள்ளே வந்து, பாதியில் விட்டிருந்த ஜாக்கெட் கையைத் தைத்து முடித்தேன்.

பள்ளி திறந்து சில வாரம் கழித்து அவள் அம்மா போன் செய்தாள். தன்னையும் அதே கட்டடத்தில் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்களாம். பிள்ளைகள் கண்ணெதிரிலேயே இருக்கிறார்களாம். பிறகு அந்தப் பெண் வாங்கிப் பேசினாள். புது ஸ்கூலில் முட்டை வேண்டாம் என்றால் வாழைப்பழம் தருகிறார்கள், நான் முட்டைதான் கேட்பேன் என்றாள்.

"ஞாயித்துக்கெழம என்ன பண்றீங்க?"

"அம்மா கோழிக்கொழம்பு வெக்கும். அப்புறம் எல்லாரும் தூங்குவோம். மத்தியானத்துலயே!" என்று சிரித்தாள்.

போனை வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். இது சந்தோஷமான செய்தி என்று எனக்குத் தெரிந்தது. தூரத்தில் யாரோ பேசுவது காதில் விழுந்து, சொற்கள் பிடிபடாததுபோல இருந்தது அந்தச் சந்தோஷம். முன்பு அதுகூடக் கேட்டதில்லை.

மகன் லீவில் வந்தபோது, "இன்னும் எத்தன நாளைக்கும்மா இதச் செய்வ? ஊருக்குப் போயிரு, உன் பெரியம்மா கூட இருக்கலாம்ல" என்றான். பார்க்கலாம் என்றேன். அவன் மறுநாள் காலையில் எழுந்து, நான் கேட்காமலேயே அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டான். மறு காதை அக்கா பிடித்தார். ஷெட்டில் புதிதாக ஒரு குழந்தை வந்து உட்கார்ந்திருந்தது. பேச்சு என்ன மொழி என்று எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை. தட்டைக் காட்டி, வேண்டுமா என்று கேட்டேன். அது தன் வயிற்றைத் தொட்டுக் காட்டியது. ஒரு கரண்டி வைத்தேன், இன்னும் வேண்டுமென்று தட்டை நீட்டியது. இன்னொரு கரண்டி வைத்தேன்.